முடிவுநாள் சொல்லாத நேர்த்தி

பிரான்சிஸ்கா மீன் தின்பதை நிறுத்திய நாற்பத்தெட்டாம் நாள், மீன்கள் அவளைத் தேடிக் கரைக்கு வந்தன. இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினாறில், மன்னார்த் தீவின் வடகரையில், உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு. தவசுகாலம் வந்தால் இறைச்சியை விட்டுவிட்டு மீனை இரண்டு மடங்காகத் தின்பதுதான் அந்த ஊரின் ஒறுத்தல். பிரான்சிஸ்காவுக்கு அது ஆண்டவரை ஏய்க்கிற வேலையாகப் பட்டது. அந்த வருடம் அவள் கணவன் சந்தியோகுவின் கரைவலையில் பாசியைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை. திருக்கை வறை என்றால் உயிரை விடுகிறவள், மீன், முட்டை, பால்மா, நெய் என்று உயிருள்ளவற்றிலிருந்து வரும் எதையும் தொடமாட்டேன் என மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். எதுவரைக்கும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

கால் நனைக்க இறங்கியவளைச் சூடையும் பாரையும் சூழ்ந்துகொண்டன, அரிசி தூவுகிற கையைக் கோழிக்குஞ்சுகள் சூழ்வதுபோல. சந்தியோகு வியந்து நிற்கவில்லை. வலையைக் கொண்டுவரச் சொன்னான். அன்று முதல் காலைதோறும் அவள் வலைக்கு நடுவே முழங்காலளவு தண்ணீரில் நிற்பாள், ஊரார் இரு பக்கமும் நின்று இழுப்பார்கள், கடைசி நேரத்தில் அவளைத் தூக்கி வெளியே விடுவார்கள். ஐஸ் லொறிகள் ஒழுங்கை முனைவரை நின்றன. கோயிலுக்குப் புது மணிக்கூண்டு வந்தது. அவளும் முதல் நாலு வருடம் நன்றாகத்தான் இருந்தாள். சோறு, பருப்பு, கௌபிப் பயறு, முருங்கைக்கீரை, பனங்கிழங்கு என்று தின்றதில் சீனி வருத்தம் இறங்கியது, மூச்சிரைப்பு நின்றது, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வேறு பெண்களும் மீனை விட்டுப் பார்த்தார்கள். அவர்களிடம் ஒரு நெத்தலிகூட வரவில்லை.

ஐந்தாம் வருடம் அவளுடைய நாக்கு சிவந்து வழுவழுப்பானது. செபமாலையில் எந்த மணியில் நிற்கிறாள் என்பது மறந்துபோனது. பிறகு பாதங்கள் மரத்து, அவளுக்குத் தெரியாமல் போயின. மகள் ஜெசிக்கா கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே தாதியாக இருந்த பிரேமினி பெரியமடுவில் வயல் செய்யும் சைவக் குடும்பத்துப் பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, மரக்கறி சாப்பிட்டே நூறு வயசு வரைக்கும் இருக்கலாம். பீ பன்னிரண்டு எண்ட விற்றமின் மட்டும் அதில இல்லை. எங்கட வீட்டில தயிர் இருக்கு, தப்பிறம். நீங்கள் அதையும் விட்டிட்டியள். இந்தக் குளிசையைப் போடுங்கோ, காணும்."

அந்த மாத்திரை எதிலிருந்து செய்வது என்று சந்தியோகு விசாரித்து வரச் சொன்னான். கிருமியிலிருந்து என்று பதில் வந்தது. நாளுக்குப் பத்தாயிரம் மீனைச் சாகடிக்கிற மனிதன் யோசித்தான், யோசித்து, "கிருமிக்கும் உயிர் இருக்குத்தானே? நேர்த்தி முறிஞ்சால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டான். ஊரும் அதையே கேட்டது. குளிசை அட்டை மாதா சுருபத்தின் காலடியில் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. தினமும் மாலைச் செபத்தில் பிரான்சிஸ்கா மாதாவைப் பார்த்தாளா அட்டையைப் பார்த்தாளா என்பது மாதாவுக்குத்தான் தெரியும். "இஞ்சேருங்கோ, எனக்குக் கால் தெரியேல்லை. ஒண்டை மட்டும் தாங்கோ" என்று ஒருநாள் கேட்டாள். இந்தப் பருவம் முடியட்டும் என்றான். கடலில் பருவங்கள் முடிவதில்லை. ஊசியோடு வீடு தேடி வந்த பிரேமினியை ஒழுங்கையிலேயே மறித்து, கையில் ஒரு பெரிய பாரையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவள் மீன் தொடாதவள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

நடக்க முடியாமல் போனதும் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கிப்போய்த் தண்ணீரில் இருத்தினார்கள். கதிரை தூக்க முறை வைத்துச் சண்டை பிடித்தார்கள். இப்படியே வருடங்கள் போயின. போன வருடம் பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்குக்கு அவளையும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக இருத்தினார்கள். பங்குச் சுவாமி செம்பைச் சரித்தார். அவளுடைய வலது பாதத்தில் மூன்று விரல்கள் இல்லை, இடதில் இரண்டு. இரத்தமில்லை, சீழில்லை, மெழுகைக் கடித்தெடுத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஒன்பது வருடம் மீன் தின்னாதவளை மீன்கள் தின்றுகொண்டிருந்திருக்கின்றன. சுவாமி மிச்ச விரல்களைத் துடைத்து முத்தமிட்டுவிட்டு அடுத்தவருக்கு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரான்சிஸ்கா மறுபடியும், இந்தத் தடவை கையை நீட்டி, குளிசை கேட்டாள். சந்தியோகு கோபப்படவுமில்லை. "இப்ப குடிச்சு விரல் முளைக்கப்போகுதோ?" என்றான். அவள் கை நெடுநேரம் நீட்டியபடியே இருந்தது. பாவி அவன், சொல்லத்தான் வேண்டும்.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் வலையில் என்றுமில்லாத மீன்பாடு. ஜெசிக்கா ஒரு பாரையின் வயிற்றைக் கீறியபோது உள்ளே ஒரு கால்நகம் கிடந்தது, நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாவுக்கு அவளே பூசிவிட்ட சிவப்புச் சாயம் இன்னும் அதில் இருந்தது. பைப்படியில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மீனை இரண்டு தண்ணீரில் கழுவிப் புளி கரைத்தாள். அன்று மத்தியானம் ஊர் முழுக்கப் பாரைக் குழம்பு மணந்தது. பிரான்சிஸ்காவுக்கு மட்டும், நேர்த்தி குலையாமல், வேறு சட்டியில் சமைத்த பருப்பும் முருங்கைக்கீரையும் ஊட்டிவிட்டார்கள். விரல்கள் முடிந்துவிட்டதால் இந்த வருடம் கதிரையை இரண்டு முழம் ஆழத்தில் வைக்கிறார்கள்.