உடையாத கோவை

தேவபிரசாதம் கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, கையிலிருந்த சாக்கட்டியைப் பார்த்தபடி நின்றார். சார் ஏதோ பெரிதாக யோசிக்கிறார் என்று பையன்கள் பேசாமல் காத்திருந்தார்கள். அடுத்த வரி என்ன என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நல்லவேளையாக மணி அடித்தது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் வந்த முதல் மார்ச் மாதம் அது. வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டதால் கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடும்போது அவர் ஓய்வு பெற வேண்டும். ஆனால் கணக்கு வாத்தியார் கிடைப்பது அரிதாக இருந்ததால், இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்படி தலைமையாசிரியர் கேட்டிருந்தார். தேவபிரசாதம் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். சாத்தான்குளத்தில் இருந்த அவருடைய அண்ணன் செல்வதுரைக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது. பேச்சின் நடுவில் நின்றுபோவார். பிறகு ஒருநாள் சொந்த மகளைப் பார்த்து, “நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் அடுப்படிக்குள் போய் அழுததை தேவபிரசாதம் பார்த்திருக்கிறார்.

பள்ளிக்கூட வேலை போக அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. யாரும் கேட்காத வேலை. பதினைந்தை மூன்றும் ஐந்துமாக உடைக்கிறமாதிரி இயற்கணிதக் கோவைகளையும் காரணிகளாக உடைக்கலாம். சிறியதென்றால் பார்த்தவுடன் தோன்றிவிடும். பெரியதாகிவிட்டால் ஊகம் வேண்டும், சாமர்த்தியம் வேண்டும். ஊகமே தேவைப்படாத ஒரு வழியை அவர் பல வருஷங்களாகத் தேடி, ஒருவாறு கண்டும் வைத்திருந்தார். எக்ஸ் இருக்கிற இடத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று போட்டால் கோவை வெறும் எண்ணாகிவிடுகிறது. எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிப்பது எளிது. கோவைக்கு ஒரு காரணி இருந்தால் அதன் மதிப்புகளும் அவற்றுக்குள்தான் அடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையாக எடுத்து, அதிலிருந்து ஒரு கோவையைக் கட்டி, வகுத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். நேரம் பிடிக்கும். ஆனால் என்றைக்காவது நிச்சயமாக முடியும்.

அதைச் சோதிக்க, பழைய பாடப்புத்தகம் ஒன்றில் ‘காரணிப்படுத்துக’ என்று கொடுத்திருந்த ஐந்தாம்படிக் கோவை ஒன்றை எடுத்துக்கொண்டார். காகிதத் தட்டுப்பாட்டால் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் போட்டார். எதுவும் சரியாக வகுபடவில்லை. மறுபடி போட்டார். அப்போதும் இல்லை. உடையும் என்று புத்தகமே சொல்கிறது, தனக்கு உடையவில்லை. எங்கோ தப்புகிறது, தப்பு எங்கே என்று பார்க்கிற கண்ணும் போய்விட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

“என்ன செய்யுது உங்களுக்கு?” என்றாள் அவர் மனைவி கிருபாபாய், ராத்திரிச் சாப்பாட்டின்போது. “சோத்தைப் பிசையுதிய, திங்க மாட்டேங்கிய.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஏளா, அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு.”

வகுப்பில் நின்றுபோனதைச் சொன்னார், கணக்கைச் சொன்னார். கிருபாபாய் நாசரேத்தில் கொஞ்ச காலம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். மோர்ச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தாங்க. நான் போட்டுப் பாக்கேன்.”

“உனக்கு ஆல்ஜீப்ரா தெரியாதே.”

“புத்தி வேண்டாம், வழி இருந்தாப் போதும்னு நீங்கதான சொல்லுதிய? அப்போ எனக்கும் வரணும்லா.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வழியை அவர் இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரியே அவளுக்கு வழி முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து, அவர் பள்ளிக்கூடம் போனபின் அவள் போட்டாள். கடலோர ஊரின் உப்புக் காற்றில் தாள் பறக்காமலிருக்க அம்மிக்குழவியை மேலே வைத்துக்கொண்டாள். எதற்காகச் செய்கிறோம் என்பது அவளுக்குப் புரியவில்லை, ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஒருபோதும் குழம்பவில்லை. மீன் விற்க வந்தவள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் துவையலும் மோருமாகவே ஓடியது. அவருடைய பழைய தாள்களை அவள் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தபோது கிருபாபாய் வாசலில் நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

“ஒண்ணும் வரலைங்க. எல்லாம் போட்டாச்சு. எல்லாத்துலயும் மீதி நிக்குது.”

“எல்லாத்துலயுமா?”

“ஒண்ணு விடாம. எனக்குச் செய்யத் தெரியலையோ என்னமோ.”

அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்த் தன்னுடைய தாள்களை எடுத்து அவளுடையவற்றுக்குப் பக்கத்தில் பரப்பினார். வரிக்கு வரி, மீதிக்கு மீதி ஒன்றாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் அவள் ஒரு குறியைத் தப்பாகப் போட்டு, பிறகு அடித்துத் திருத்தியிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ண முடியாதுளா,” என்றார். “இது உடையாது. புத்தகம்தான் தப்பு.”

மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து சிவசுப்பிரமணியன் வந்தார். அங்கே காலேஜில் கணக்குச் சொல்லித்தருபவர், தேவபிரசாதத்துக்குப் பழக்கமானவர். அதே புத்தகத்தின் வேறொரு பதிப்பு அவருக்கு மனப்பாடம்போல. கோவையைப் பார்த்ததுமே ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இங்கன மைனஸ் வரணும் அண்ணாச்சி. பிளஸ்னு அச்சாயிட்டு.”

மைனஸைப் போட்டதும் கோவை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிறகு சிவசுப்பிரமணியன் தாள்களை முழுக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் சங்கடம் ஏறியது. காப்பியை ஆறவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். “இந்த வழி... ஜெர்மனியில ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டாரு அண்ணாச்சி. அறுபது வருசத்துக்கு மேல இருக்கும்.”

அடுப்படி வாசலில் நின்ற கிருபாபாய் புருஷனைப் பார்த்தாள்.

தேவபிரசாதத்துக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்துவிட்டது.

“அப்போ வழி சரிதானா?”

“சரிதான். சந்தேகமே இல்ல. ஆனா பழசு.”

“சரியா இருக்குல்லா,” என்று அவர் சிரித்தார். “அது போதும் தம்பி. காப்பியைக் குடிங்க.”

சாயங்காலம் இருவரும் சிவசுப்பிரமணியனை ரயிலேற்றிவிட்டு, கடற்கரை ரோடு வழியாகத் திரும்பினார்கள். தூரத்தில் நின்ற கப்பலுக்குச் சரக்கேற்றிக்கொண்டு ஒரு தோணி கிளம்பிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் வாரேன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிரட்டா?” என்றார்.

“பிரியமிருந்தாச் சொல்லுங்க. இல்லன்னா வீட்டுல இருங்க. பயந்துக்கிட்டு ஒண்ணும் செய்யாண்டாம்.”

“தெரியலை,” என்றார். தெரியாமலிருப்பது அன்று சுகமாக இருந்தது.

தோணியிலிருந்து ஒருவன் கையை உயர்த்தினான். “சார்! சுகமா இருக்கியளா?”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தன்னிடம் படித்த முகம்தான். பெயர் வரவில்லை. ஒரு கணம் நின்றார். பிறகு கரையோரம் வரை போய், இரண்டு கைகளையும் வாயருகில் குவித்துக்கொண்டு கத்தினார். “பேரு மறந்துட்டுடே! யாரு நீ?”

“பாஸ்கல், சார்! ஒங்ககிட்ட அடி வாங்காத நாளே கிடையாது!”

தோணிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோணியின் பாய் மெதுவாக ஏறி, ஒருமுறை தொய்ந்து படபடத்து, பிறகு காற்று நிறைந்து விம்மியது.