தண்ணின்னு சொல்ற வரைக்கும்

"என் கூடத்தான் இருக்கான் மாமா. தோ வரோம்"னு போன்ல சொல்லிட்டு ஷெல்டன் மந்தைவெளி ஸ்டேஷன் படியில ரெண்டு ரெண்டா தாவி இறங்கினான். கூட யாரும் இல்ல. கையில ஒரு பை, பை நிறைய பலூன். பாக்கெட்ல சாவி.

சாவி சர்ச் கிரவுண்ட் கேட்டோடது. பூட்டினது ஷெல்டன். உள்ள எட்டு வயசு அஃப்தாப் இருக்கான். இருக்கணும். வெளிய அஃப்தாபோட தாய்மாமன் மெஹபூப் பாஷா ஆட்டோவோட நின்னுக்கினு, "ராயப்பேட்டையில தண்ணி நிக்குது, லேட்டாயிடுச்சு தம்பி. இங்க கேட் பூட்டிக்கீது. புள்ள இன்னா உன் கூடவா கீது?"ன்னு போன்ல கேட்டாரு. அதுக்கு ஆமாங்கறதுதான் அப்ப சுலபமா இருந்துச்சு.

ஓடறப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் டோரதி மிஸ் நடத்துற கிளாஸ் அது. வர்ற பசங்களுக்கு பலமெல்லாம் இருக்கு. மூளை சொல்றது கைக்கும் காலுக்கும் கொஞ்சம் குழம்பிப் போய்ச் சேருது, அவ்ளோதான். சட்டை பட்டன் போட வராது. பந்து மூஞ்சில பட்டப்புறம்தான் கை மேல வரும். ஸ்கூல்ல பி.டி. பீரியட்னா இவங்கள வாட்டர் பாட்டிலுக்குக் காவல் உக்கார வெச்சிடுவாங்க. மிஸ் அப்படி இல்ல. பயிற்சின்னு ஒரு வார்த்தை அவங்க வாயில வந்ததே இல்ல. எல்லாம் விளையாட்டுதான். பந்துக்கு பதிலா பலூன், ஏன்னா அது நின்னு நிதானமா வரும், கை போய்ச் சேர நேரம் குடுக்கும். எந்த விளையாட்டுலயும் அவுட் கிடையாது. விழுந்தா எழுந்து மறுபடி.

ஐஸ்-தண்ணியும் அப்படித்தான். தொட்டு 'ஐஸ்'னு சொன்னா, பக்கத்துல கிடக்கிற டயர் மேல ஏறி, கைய விரிச்சு அசையாம நிக்கணும். யாராவது வந்து தொட்டு 'தண்ணி'ன்னு சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. மூணு மாசமா அஃப்தாப் ஏறுறான், 'ஐஸ்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள விழுறான். சிரிக்கிறான். மறுபடி ஏறுறான்.

இன்னிக்கு மிஸ் ஒரு சாவு வீட்டுல சர்ச் பாட்டுப் பாடப் பாதியிலயே கிளம்பிட்டாங்க. கூடமாட ஒத்தாசைக்கு வர்ற ஷெல்டன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "தலைய எண்ணிட்டு பூட்டுப்பா." பிளஸ் ஒன் படிக்கிறவனுக்கு இதுக்கு மேல என்னத்த சொல்றது. அப்புறம் மழை. எல்லா அம்மாங்களும் ஒரே நேரத்துல குடையோட உள்ள வந்தாங்க. குடைக்குள்ள தலை எங்க தெரியுது. பூட்டிட்டான். ஸ்டேஷனுக்குப் போற வழியில பஜ்ஜி கூட வாங்கித் தின்னான்.

கிரவுண்ட் ஓரத்து மேடைக்குப் பின்னாடி அஃப்தாபைத் தொட்டு 'ஐஸ்'னு சொன்னது யாருன்னு தெருமுனையில வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. இவன்தான்.

முன் கேட்ல மாமா நிக்கிறாரு. கூட இருக்கான்னு சொன்ன புள்ள இல்லாம அவர் முன்னாடி போய் நிக்க முடியாது. பின்பக்கம் சுவர் ஏறிக் குதிச்சான். முட்டி சிராய்ஞ்சுது. அத அப்புறம் பாத்துக்கலாம்னு ஓடினான்.

அஃப்தாப் டயர் மேல நின்னுட்டு இருந்தான். கை ரெண்டும் விரிச்சபடி. சட்டை நனைஞ்சு உடம்போட ஒட்டியிருந்துச்சு. மூக்கு ஒழுகுது, தொடைக்கல. ஒரு காக்கா அவன் ஷூ லேஸை இழுத்துப் பாத்துட்டு இருந்துச்சு.

"அஃப்தாப்."

கண்ணு மட்டும் திரும்புச்சு.

"டேய், என்னடா ஆச்சு? எதாவது பேசுடா."

ஷெல்டன் தோளைப் புடிச்சு உலுக்கினான். அப்பவும் கால் டயரை விட்டு நகரல. அஃப்தாப் பல்லைக் கடிச்சுக்கிட்டே, "தண்ணி சொல்லுங்கண்ணா"ன்னான்.

"தண்ணி."

அஃப்தாப் இறங்கினான். இறங்கறப்ப விழுந்தான். எழுந்து மூக்கத் தொடைச்சான்.

"எல்லாரும் போய்ட்டாங்கண்ணா. நான் நின்னேன். மழை வந்துச்சு, அப்பவும் நின்னேன்."

"அழுதியாடா?"

"அழலாமான்னு தெரியல. மிஸ் அத சொல்லல."

ரெண்டு பேரும் முன் கேட்டுக்கு வந்தாங்க. பூட்டு வெளிப்பக்கம் தொங்குது. ஷெல்டன் கம்பி வழியா சாவிய நீட்டினான். "மாமா, கொஞ்சம் திறங்களேன்."

மெஹபூப் பாஷா சாவியப் பாத்தாரு, பூட்டப் பாத்தாரு. "உள்ள நின்னுக்கினு வெளிய எப்டி நைனா பூட்டின?"

"சேஃப்டிக்கு மாமா."

"நல்ல சேஃப்டி."

"மாமு, நான் ஐஸ்ல நின்னேன். ரொம்ப நேரம்"னான் அஃப்தாப்.

"யாரு, நீ? கடையில பன்னு வாங்கற வரைக்கும் நிக்க மாட்டே, நாலு பேர் கால மிதிப்பே." கேட்டத் திறந்து அவனைத் தூக்கி ஆட்டோல உக்கார வெச்சு, துண்டால தலைய துவட்டிக்கிட்டே ஷெல்டன் பக்கம் திரும்பினாரு. "அடுத்த சனிக்கிழமை இவங்கம்மா ஜஹீதா நேர்ல வருது தம்பி, மிஸ்கிட்ட சொல்லிட்டு நிறுத்திடலாம்னு. மூணு மாசம் ஆச்சு, ஒரு எடத்துல நிக்கக் கூட வரலியே, பலூன் தட்டறதுக்கா இவ்ளோ தூரம்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

நின்னான்னு சொல்லணும். சொன்னா 'யார் பாத்தாங்க'ன்னு கேப்பாங்க. பூட்டின கிரவுண்ட்ல தனியா நின்னான்னு தெரிஞ்சா, ஜஹீதா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க. சொல்லலன்னாலும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஷெல்டன் பலூன் பையை இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தினான்.

"அண்ணா சொல்வாரு மாமு"ன்னான் அஃப்தாப். "அண்ணாதான் எனக்கு ஐஸ் வெச்சாரு. அவருக்குத் தெரியும்."

ஆட்டோ ஸ்டார்ட் ஆச்சு. அஃப்தாப் துண்டுக்குள்ளேர்ந்து தலைய வெளிய நீட்டினான்.

"ஆனா அண்ணா, ஏன் யாருமே தண்ணி சொல்ல வரல?"