டமால் சார் சும்மா இருக்கிறார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெயிண்ட் கடையில் கிடைத்தது. புத்தக அலமாரிக்கு அடிக்க நீலம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தில் பூட்டிவிட்டு, அது குலுக்கி முடிக்கும்வரை பொழுது போக வேண்டுமே என்று தன் அக்கா கணவரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். நான் கதை எழுதுகிற ஆள் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் புலம்பலின் வேகம் கூடிவிட்டது.

"அப்போ இத எழுதுங்க. என் மேல தப்பு இல்லன்னு படிக்கறவங்களுக்கு விளங்கற மாதிரி எழுதுங்க."

எழுதுகிறேன். விளங்குமா என்பது வேறு.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: 'பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், நைந்த மேலங்கி அணிந்த ஒருவர் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து—'

அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படித்தால் வருகிற வியாதி இது. அந்த நாவல்களில் வேலை போனவர்கள் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். மதியம் முழுக்க ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு வாழ்க்கையின் அர்த்தத்தை யோசிப்பார்கள். அவர்களைப் பார்த்து "இன்னைக்கு லீவா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. முக்கியமாக, அவர்களுக்கு மைத்துனர்கள் கிடையாது. நம் ஆளுக்குப் பாலம் இல்லை. மைத்துனர் இருக்கிறார்.

இரண்டாவது தொடக்கம்: 'வேலை இழப்பு என்பது ஒரு சிறிய மரணம்.'

இதையும் அடித்துவிட்டேன். மரணத்துக்காவது நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

2

அலுவலகத்தில் அவரை டமால் சார் என்பார்கள். அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் அது. பெட்டிகளைக் கீழே போட்டுப் பார்ப்பது அவர் வேலை. கேலி செய்யவில்லை, அது ஒரு முழுநேர வேலை. பெட்டிக்குள் கண்ணாடிக் குடுவைகளை வைத்து ஒட்டி, தட்டைப் பக்கம் தரையில் படும்படி ஒருமுறை, விளிம்பு படும்படி ஒருமுறை, மூலை படும்படி ஒருமுறை போட வேண்டும். பிறகு பிரித்துப் பார்த்து, என்ன உடைந்தது, எங்கே நசுங்கியது என்று எழுத வேண்டும். மூலையில் விழவைப்பதுதான் சிரமம், கை பழக வேண்டும். அவர் அறையிலிருந்து நாள் முழுக்க வந்த சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது.*

(* உயரத்திலிருந்து போடப்பட்ட பெட்டி, வேலையிலிருந்து போடப்பட்ட மனிதர் என்று ஓர் உவமை இங்கே வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குச் சோறு போடும் உத்தேசம் எனக்கு இல்லை.)

ஒரு நாள் மனிதவள அதிகாரி கூப்பிட்டனுப்பினாள். மேசையில் தண்ணீர் பாட்டிலும் கண் துடைக்கக் காகிதமும் தயாராக இருந்தன. அவள் குரலில், பக்கத்து அறையில் நோயாளி படுத்திருப்பதைப் போல ஓர் அடக்கம்.

"நம்ம கம்பெனி ஒரு புதுப் பயணத்தத் தொடங்குது சார்."

"நல்லதும்மா. நானும் வரணுமா?"

"இல்ல சார். இது நீங்க இல்லாத பயணம்."

இனி அந்தச் சோதனையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுமாம்.

"கம்ப்யூட்டர் எப்படிம்மா பெட்டியக் கீழ போடும்?"

"போட வேண்டியதே இல்ல சார். போட்ட மாதிரி நெனச்சுக்கும்."

மேசைச் சாமான்களை எடுத்துப்போக ஒரு பெட்டி கொடுத்தார்கள். டமால் சார் பழக்கதோஷத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது நம்ம பெட்டி இல்லையே?"

"இது விலை கம்மி சார்," என்றாள் அவள்.

அட்டைப்பெட்டி நிறுவனம், தான் அனுப்பிவைக்கும் ஆட்களுக்கு வேறு நிறுவனத்தின் பெட்டியை வாங்கி வைத்திருந்தது. இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நீங்களே அடித்திருப்பீர்கள். கற்பனைக்கு இருக்கும் கூச்சம் நிர்வாகத்துக்கு இருப்பதில்லை.

3

மனைவியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவளை அழவைத்திருந்தேன். 'அவள் முந்தானையால் கண்களை—' என்று தொடங்கி, முந்தானையோடு நிறுத்திவிட்டேன். கடைக்காரர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவள் அழுகிற ரகம் இல்லை. திட்டம் போடுகிற ரகம்.

"வேலை போனா போகட்டும்," என்றாள். "போனது தெரியக் கூடாது. காலைல வழக்கம்போல பையத் தூக்கிட்டுக் கிளம்பிடுங்க. கீழ்வீட்டுக்காரி கண்ணு ஜன்னல்லயேதான் இருக்கு."

"கிளம்பி எங்க போறது?"

"தம்பி கடைக்கு. அவன்கிட்டச் சொல்லிட்டேன்."

அந்த ஊரில் வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் சில மாதங்கள் உதவித்தொகை கொடுக்கும். அது வந்தால் வாடகை கட்டிக்கொண்டு, அடுத்த வேலை தேடும்வரை அதே வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். காலி செய்தால் கீழ்வீட்டுக்காரிக்கு ஜன்னல் தேவைப்படாது. வாசலிலேயே நின்று பார்க்கலாம். மனைவி உதவித்தொகைக்கும் சம்மதித்தாள். அதுவும் தெரியக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

விண்ணப்பத்தில் ஒரு விதி இருந்தது. வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது. உறவினர் கடையில், சம்பளமே வாங்காமல் என்றாலும் கூடாது.

"நான் மச்சான் கடைக்குப் போறேனே?" என்றார் டமால் சார்.

"அங்க நீங்க வேலையா செய்யப் போறீங்க? உக்காந்துட்டுத்தானே வரப் போறீங்க. இல்லன்னு போடுங்க."

இல்லை என்று போட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அவர் வரைக்கும் அது உண்மைதான்.

ஆனால் அவருக்கு உட்காரவும் வரவில்லை. மூன்றாம் நாளே கடையின் டப்பாக்களை எடை வாரியாக மாற்றி அடுக்க ஆரம்பித்தார். கனமானவை கீழே, மற்றவை மேலே, கைப்பிடிகள் எல்லாம் வெளிப்பக்கம்.

"மாமா, அந்தப் பால் வெள்ளை எங்க?"

"வலது மூலைல, கீழ் வரிசைல இருக்கு பாரு."

"நேத்து இடது பக்கம் இருந்துச்சே?"

"நேத்து தப்பா இருந்துச்சு."

4

இனி கட்டுரை பாணியில் ஒரு பத்தி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

நம்மவர்களிடம் ஒருவரைப் பற்றி அவர் குடிக்கிறார், கடன்காரர், ஊரை ஏமாற்றுகிறார் என்று சொன்னால்கூட, கேட்பவர்கள் ஒரு மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள். 'சும்மா இருக்கார்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். எந்த வீட்டிலும் யாரும் சும்மா இருப்பதில்லை. 'பிசினஸ் பண்ணலாம்னு இருக்கான்', 'பரீட்சைக்குப் படிக்கிறான்', 'வெளிநாட்டுக்கு முயற்சி நடக்குது.' இப்படிப்பட்ட ஜனங்களைக் கூப்பிட்டு, நீ சும்மாதான் இருக்கிறாய் என்று நிரூபித்தால் பணம் தருவேன் என்கிறது ஓர் அலுவலகம். சும்மா இருப்பதற்கு ஆதாரம் கேட்கும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். நம்மவர்கள் அங்கே தோற்காமல் வேறென்ன செய்வார்கள்?

பத்தி முடிந்தது. கடையில் தொலைபேசி அடிக்கிறது.

டமால் சார் தினமும் கடைக்குப் போவதை யாரோ பார்த்துத் தகவல் கொடுத்திருக்கிறார்கள்.* உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடைக்கு அழைத்து விசாரித்தார்கள். அந்த உரையாடலைக் கடைக்காரர் என்னிடம் இரண்டு குரலிலும் நடித்தே காட்டினார்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் தினமும் உங்க கடைக்கு வர்றாரா?"

"வருவாரே."

"என்னவா இருக்கார்?"

"மேனேஜர்."

"சம்பளம் எவ்வளவு?"

"குடும்பத்துக்குள்ள என்னங்க சம்பளம்? கல்லாவையே அவர் கையில குடுத்துட்டேன்."

"உதவித்தொகை ஆபீஸ்ல இருந்து பேசறோம்னு சொன்னாங்களா?" என்று நான் கேட்டேன்.

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முன்னப்பின்ன தெரியாதவங்க போன்ல கேக்கறாங்க. எங்க மாமா சும்மா உக்காந்திருக்காருன்னு என் வாயால எப்படிங்க சொல்றது?"

(* யார் என்று தெரியாது. கீழ்வீட்டுக்காரியாக இருக்கலாம் என்று எழுத ஆசைதான். ஆனால் அவளுக்கு இந்தக் கதையில் ஏற்கெனவே வேலை அதிகம்.)

5

உதவித்தொகை நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் ஒரு பெயிண்ட் கடையின் மேலாளர்.

மனைவி தம்பியை வரச்சொன்னாள்.

"கல்லாவக் குடுத்தேன்னு சொன்னியாமே. எங்கடா அது? கொண்டா, வாடகை கட்டணும்."

"பேச்சுக்குச் சொன்னேன்க்கா."

"பேச்சுக்கு ஒரு வேலைக்காரர்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? நேரா மேனேஜரா?"

"வேலைக்காரர்னா உனக்குத்தான் அவமானம்."

அந்த வீட்டில் அவமானம் என்ற சொல் வந்தால் மற்ற சொற்கள் ஒதுங்கி வழிவிடும். டமால் சார் ஜன்னலோரம் நின்று, யாருடைய பேச்சையோ கேட்பதைப் போல இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். [இங்கே அவர் வெளியே தெரிந்த மரத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரமே இல்லை. எதிர்வீட்டுக் கழிவுநீர்க் குழாய்தான் இருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை.]

மேல்முறையீடு செய்தார்கள். மைத்துனரே நேரில் வந்து, மாமா கடையில் எந்த வேலையும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பணம். சொல்லாவிட்டால் வீடு காலி.

6

விசாரணை அறை: மூன்று நாற்காலி, ஒரு மேசை, அணைக்க முடியாத ஒரு மின்விசிறி. அதிகாரியம்மா திரையைப் பார்த்தபடி பேசினாள்.

"சொல்லுங்க. இவர் உங்க கடையில என்ன பண்ணினார்?"

"சும்மாதாங்க இருந்தார்," என்றார் மைத்துனர். அந்தச் சொல்லை வெளியே எடுக்க மிகவும் சிரமப்பட்டார்.

"எதுவுமே உதவி செய்யலையா?"

"உதவியா?"

அங்கேதான் ஏதோ கழன்றது.

"அவர் வந்ததுல இருந்து எந்த டப்பா எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. தெனமும் ஒரு புது ஊருக்குக் குடிபோன மாதிரி இருக்கு. வாங்க வர்றவங்ககிட்ட, இப்போ பெயிண்ட் வேண்டாம், முதல்ல செவுத்துல ஒழுகறத அடைங்கன்னு சொல்லி அனுப்பிடறார். அக்கா மொகத்துக்காகத்தான் பொறுத்துக்கிட்டேன். இவர் சம்பளம் குடுத்து வெச்சுக்கற ஆள் இல்லீங்க. சம்பளம் குடுத்து அனுப்பி வைக்கற ஆள்."

அதிகாரியம்மா முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். இவ்வளவு நல்ல சாட்சி அவளுக்குக் கிடைத்திருக்காது.

"சும்மா நடிச்சேங்க," என்றார் கடைக்காரர் என்னிடம். "எல்லாம் அவருக்குப் பணம் வரணும்னுதான்." அப்படிச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, டப்பா குலுக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். போனில் மேனேஜர் என்றது பொய்யா, அறையில் தண்டம் என்றது பொய்யா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நல்ல எழுத்தாளர்கள் கேட்டிருப்பார்கள்.

டமால் சார் இதுவரை, தான் அந்தக் கடைக்குக் கொஞ்சம் உபயோகமாக இருப்பதாக நினைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க அந்த நினைப்புதான் அவருக்குக் காலாக இருந்தது.

அதிகாரியம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"இவர் சொன்னதெல்லாம் உண்மைதானா? ஆமா இல்ல, ஏதாவது ஒண்ணு சொன்னாப் போதும்."

7

முடிவு ஒன்று: ஆமா என்கிறார். பணம் வருகிறது. வீடு தங்குகிறது. 'ஆனால் அன்று அவருக்குள் ஏதோ ஒன்று—' வேண்டாம். எல்லாருக்குள்ளும் ஏதோ ஒன்று உடைந்தே தீரவேண்டும் என்று எந்த அலுவலகமும் விதி போடவில்லை; கதாசிரியர்கள்தான் போட்டிருக்கிறார்கள்.

முடிவு இரண்டு: "இல்ல. நான் வேலை செஞ்சேன், நல்லாவே செஞ்சேன்" என்று எழுந்து நிமிர்ந்து நடக்கிறார். நீங்கள் கைதட்டுகிறீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் தட்டுவது கதவை.

முடிவு மூன்று: மைத்துனர் "மாமா" என்று தழுதழுத்து அவர் கையைப் பிடிக்கிறார். இதை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. டமால் சார் சோதனை அறிக்கைக்குச் சொல் தேடுகிற மாதிரி யோசித்ததாகக் கடைக்காரர் சொன்னார். பிறகு,

"பாதி உண்மை," என்றார்.

"பாதிக்கு இங்க இடம் இல்லீங்க. ஆமாவா, இல்லையா?"

அதன் பிறகு அவர் சொன்ன ஒற்றைச் சொல்லையும் கடைக்காரர் எனக்குச் சொன்னார். அதை எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவீர்கள், அல்லது மெச்சுவீர்கள். இரண்டையும் சாய்வு நாற்காலியிலிருந்தே செய்வீர்கள். ஆகவே கொஞ்சம் எழுந்து வாருங்கள். அந்த அறையில் இருப்பது சாய்வு நாற்காலி இல்லை, சாதா நாற்காலி, அதிலும் ஒரு கால் சற்றுக் குட்டை. வீட்டில் உங்கள் மனைவி பதிலுக்காகக் காத்திருக்கிறாள். பக்கத்தில் உங்கள் மைத்துனர், முழங்கை உங்கள் மேல் படுகிற தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் எதைச் சொன்னாலும் அது அவருக்கும் கேட்கும். அதிகாரியம்மாவின் விரல் விசைமேல் இருக்கிறது.

"சீக்கிரம் சொல்லுங்க சார்," என்கிறாள். "வெளிய ஆள் நிக்கறாங்க."