விசா படமும் ஊர்ச் சிரிப்பும்

விசாவுக்குப் படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அன்றோடு சிரிப்பு நின்றுவிடும். போகிற நாட்டில் விமானம் இறங்கிய பிறகுதான் அது திரும்ப வரும். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஸ்டூடியோவில் இது முதன்முதலில் நடந்தபோது ஊர் கொஞ்ச நாள் ஆச்சரியப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. தூதரகம் கேட்பதும் சிரிக்காத முகத்தைத்தானே. பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு காதும் தெரியவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும். ஸ்டூடியோக்காரர் ஒரு விரலால் முகவாயை நிமிர்த்தி, “அசையாதே” என்பார், அவ்வளவுதான். முதல் வருடம் எட்டுப் பேர் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் வருடம் இருபதிலிருந்து முப்பது வயதுவரை அநேகமாக எல்லோரும். கல்யாணத்தில் மாப்பிள்ளை உம்மென்று உட்கார்ந்திருந்தால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வதை விட்டுவிட்டு, “எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கார்?” என்று விசாரித்தார்கள். தியேட்டரில் காமெடிப் படம் ஓடினால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் சிரித்தார்கள். விசா கிடைக்காத பல் டாக்டர் ஒருவர் தன் பல் தெரியாமலே பதினோரு வருடம் ஊரார் பல்லைப் பார்த்தார்.

ஸ்டூடியோக்காரருக்கு ஒரே மகள், நர்ஸ். ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவள். அம்மா இறந்த பிறகு அந்த வீடு வீடாக இருந்ததே அந்தச் சிரிப்பால்தான். அவளும் ஒருநாள் வெள்ளைத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். விண்ணப்பம் திரும்பி வந்தது: படத்தில் புன்னகை தெரிகிறது. அடுத்த வருடம் மறுபடி எடுத்தார், அதுவும் திரும்பியது. அதற்கடுத்த வருடம் மூன்றாவதும் திரும்பியபோது அவள் எல்லாப் படங்களையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். அப்பா எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் புன்னகைக்காக ஒன்றுகூடத் திரும்பியதில்லை. பொத்தானை அழுத்தும் நேரத்தில் அவர் மூக்கைச் சுளித்துக் காட்டியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“வேணும்னே பண்ணீங்களாப்பா?”

“ஆமாம்மா.”

“மூணு வருஷம் போச்சுப்பா. அங்க போய் இறங்கினா சிரிப்பு தானா வந்துடப் போகுது, அதுக்குப் போய்...”

“உனக்கு வந்துடும். எனக்கு?”

அவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் அழுகைதான் வந்தது. மறுநாள் காலை அவர் அவள் முகவாயை நிமிர்த்தி, மூக்கைச் சுளிக்காமல், நான்காவது படத்தை ஒழுங்காக எடுத்தார். விசா வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் சாப்பிடும்போது தெரிந்த வேடிக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் முகம் மாறாமல், “நல்லாருக்குப்பா” என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனாள். புதன் மத்தியானம் ஸ்டூடியோவில் போன் அடித்தது. “இறங்கிட்டேன்பா. இங்க ஒருத்தர் என் பெட்டியத் தன்னோடதுன்னு தூக்கிட்டு ஓடுறாருப்பா...” மேற்கொண்டு சொல்ல முடியாமல் சிரித்தாள். அவர் ஸ்பீக்கரைப் போட்டார். பெஞ்சில் காத்திருந்த ஆறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களுக்கு இன்னும் படம் எடுத்தாகவில்லை. போன் வைக்கும்வரை கேட்டுவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்தது யாரும்மா?” என்றார்.

ஒரு பெண் பாக்கி இருந்ததையும் சிரித்து முடித்துவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்தாள்.