கைமேல் ஒரு கை

முப்பது வருஷமாகத் தையல்காரர் துணியை வெட்டுவார், அவர் மனைவி தைப்பாள். "எனக்கு வெட்ட வராது" என்று ஒற்றைக்காலில் நிற்பவளை யார் அசைப்பது? வாதம் வந்து அவர் வலக்கை விழுந்தபிறகும், அதை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டுதான் கத்தரிக்கோலைத் தொடுவாள்.

"என் கை செத்து ஒரு வருஷமாச்சுடி. வெட்டறது நீதான். ஒரே ஒரு தடவ தனியா வெட்டேன், கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்று கெஞ்சினார்.

"சும்மா இருங்க. உங்க கை இல்லன்னா கோணிக்கும்."

அவர் இறந்த மறுமாதம், வாடிக்கையாளர் நச்சரிப்பு தாங்காமல் ஒரு சட்டைத்துணியைத் தனியாக வெட்டினாள். துணியில் சாக்பீஸால் போட்ட கோட்டிலிருந்து கத்தரி இம்மிகூட விலகவில்லை.

"பாருங்களேன்!" என்று பூரித்துத் திரும்பினாள். பக்கத்தில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.