எழும்பி நின்ற பங்குதாரர்

தக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஆடிட்டர் பத்மகுமாரின் அறையில் ஸ்மைலின் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றியும் வியர்த்தது. பதினொரு வருஷம் ஒரு தனியார் வங்கியில் ஊராருடைய கடன் விண்ணப்பங்களை அலசியவள். யாருக்கு எவ்வளவு கடன் தேறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். தனக்கென்று ஒரு தொழில் தொடங்க வந்தபோது, அதைச் சட்டப்படி எப்படிப் பதிவுசெய்வது என்று தீர்மானிக்க மூன்று வாரமாக முடியவில்லை.

தொழில் என்னவோ எளிமையானதுதான். கடைக்காரர், படகுக்காரர், முந்திரி ஆலைக்காரர் போன்ற சிறு முதலாளிகளுக்கு எந்த வங்கியில் கடன் கிடைக்கும் என்று பார்த்து, காகிதங்களைச் சரிசெய்து கொடுத்து, கடன் வந்ததும் கமிஷன் வாங்குவது. சிக்கல் அத்தானிடம்தான் இருந்தது.

அத்தான் என்றால் கணவன் எபிசனின் அண்ணன் சுந்தரராஜ். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைச் செயலாளர், பாதித் தக்கலைக்கு ‘எச்.எம். சார்’. எபிசன் மஸ்கட்டில் இருப்பதால், தம்பி மனைவி தனியாக அலையக் கூடாதென்று தன் கடையறையையும் இரண்டு லட்சத்தையும் கொடுத்து, தானும் பங்கு என்று சொல்லிவிட்டார். தங்கமான மனிதர். எதிரே ஒருவர் கண் கலங்கினால் போதும், எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கைதான் ஸ்மைலினின் தூக்கத்தைக் கெடுத்தது.

“சார், இன்னொரு தடவ சொல்லுங்க.”

பத்மகுமார் நான்காம் முறையாகச் சொன்னார். “தனியா நடத்தினா உங்க கை மட்டும்தான். பார்ட்னர்ஷிப்னா ரெண்டு கை. தொழில் பேரைச் சொல்லி அவர் ஒப்பு போட்டாலும், அந்தக் கையெழுத்து நீங்க போட்ட மாதிரிதான். கேசுன்னு வந்தா உங்க சொந்த வீடு வரைக்கும் வரும் பாத்துக்கிடுங்க. எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு வரம்பு வச்ச பங்கு நிறுவனம்னு பதிஞ்சா, அவர் செய்த தப்புக்கு உங்க வீட்டத் தொட முடியாது. கம்பெனியில போட்ட பணத்தோட போச்சு. வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும், பிந்தினா அபராதம். அவ்வளவுதான்.”

வீடு. பதினான்கு வருஷம் எபிசன் வெயிலில் வெந்து அனுப்பிய பணம். பத்திரம் அவள் பெயரில். எல்.எல்.பி.தான் சரி என்பது முதல் நாளே தெரியும். அதை அத்தானிடம் எந்த வாயால் சொல்லுவது? உங்கள் கையை நான் நம்பவில்லை என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுப்பதல்லவா அது! அந்தப் பயத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். எதையும் எழுதாதவரை எந்த ஆபத்தும் இல்லை என்று நினைத்திருந்தாள், பாவம்.

போன் அடித்தது. அவர்கள் சபையைச் சேர்ந்த யேசுரத்தினம்; ஊர்வழக்கப்படி இளையவர்களை ‘மக்களே’ என்பார்.

“மக்களே, மூணு மணிக்கு ஐஸ் பிளாண்ட் ஒண்ண வாங்க அட்வான்ஸ் குடுக்கப் போறேன். அஞ்சு லட்சம். எச்.எம். சார் லெட்டர் தந்தாச்சு. எல்லாம் உனக்க புண்ணியம்.”

“என்ன லெட்டர் அண்ணாச்சி?”

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. திறப்பு ஜெபத்துக்கு அழைப்பு அச்சடித்த கையோடு அத்தான் லெட்டர்பேடும் அடித்திருக்கிறார். ‘சுந்தரராஜ் – ஸ்மைலின் அசோசியேட்ஸ்’. இம்மாத இறுதிக்குள் முப்பது லட்சம் கடன் வாங்கித் தர எங்கள் நிறுவனம் பொறுப்பேற்கிறது என்று, கரும்பலகையில் எழுதுகிற அதே முத்தான எழுத்து. அடியில் கையெழுத்து.

போன வருஷம் இரண்டு செக் திரும்பிய மனிதர் யேசுரத்தினம். எந்த வங்கியும் முப்பதாயிரம்கூடத் தராது. அட்வான்ஸ் போனால் இந்த லெட்டரைத்தான் நீட்டுவார்.

படத்தை ஆடிட்டரிடம் நீட்டினாள். “நல்ல வேளை, இன்னும் நாங்க ஒண்ணும் பதியல்ல. இது செல்லாதுல்லா சார்?”

பத்மகுமார் நிதானமாகப் படித்தார். “யாரு சொன்னா? பார்ட்னர்ஷிப்புக்குப் பதிவு கட்டாயம் இல்ல. வாயால பேசிக்கிட்டாலே போதும். நாங்க பங்குன்னு நீங்க ஊருக்கு எங்கயாவது காட்டியிருக்கேளா?”

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அறிவித்திருந்தார். எச்.எம். சாரும் ஸ்மைலினும் சேர்ந்து தொடங்கும் நிறுவனத்துக்காக ஜெபிப்போம் என்றார். யாருக்காக ஜெபமோ அவர்கள் எழும்பி நிற்பது சபை வழக்கம். முந்நூறு பேர் பார்க்க அத்தான் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமும் நின்றார்கள். முன்வரிசையில் யேசுரத்தினம் இருந்தார்.

“போன ஞாயிறு சபையில எங்க தொழிலுக்கு ஜெபிச்சப்போ எழும்பி நின்னேன் சார்.”

“உட்கார்ந்திருக்கப்படாதா?”

“ஜெபத்துக்கு எப்படி சார் உட்கார்ந்திருக்க?”

“அப்போ நீங்க எழுதாமலே பார்ட்னர்தான். கேசு வந்தா எதிர்த்தரப்பு வக்கீல் அப்படித்தான் சொல்லுவான்.”

மூன்று வாரம் தேர்ந்தெடுக்காமல் இருந்தவளுக்கு, எது வேண்டாம் என்று பயந்தாளோ அதுவே வந்து வாய்த்திருந்தது.

பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்த சுந்தரராஜ், வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாகப் படியேறி வந்தார். ஸ்மைலின் போனைக் காட்டினாள். சிரிப்பு போய்விட்டது.

“அவன் அழுதாம் மக்களே. அந்த பிளாண்ட் கெடைக்கல்லேன்னா மோளுக்க கல்யாணம் நிண்ணு போவும்னாம். உனக்குத்தான் பேங்கில எல்லாரையும் தெரியுமே, எப்படியும் கெடச்சிரும்னு…”

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. நல்ல மனிதர்மேல் ஆத்திரப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. யேசுரத்தினத்தைக் கூப்பிட்டு, போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அண்ணாச்சி, அட்வான்ஸ் குடுக்காதீங்க. உங்களுக்குக் கடன் வராது. அந்த லெட்டரை நம்பாதீங்க.”

“எச்.எம். சாருக்க எழுத்த பொய்யினு சொல்லுதியா?”

சுந்தரராஜ் தரையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றியவர், இன்று தானே ஏறி நிற்பவர்போல இருந்தார். ஸ்மைலின் போனை நோக்கிக் குனிந்தாள்.

“அத்தான்மேல தப்பு இல்ல. கெடச்சிரும்னு நான்தான் அவசரப்பட்டுச் சொன்னேன். என்னை நம்பி எழுதிட்டாங்க.”

“பேங்கில அத்தன வருஷம் இருந்து என்னத்தப் படிச்ச? உன்னை நம்பி இனி எவன் வருவான்?” என்று சொல்லி யேசுரத்தினம் போனை வைத்துவிட்டார். தரகுத் தொழிலுக்கு நல்ல பெயர் ஒன்றுதான் மூலதனம். கதவு திறக்கும் முன்பே அவள் அதில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டாள்.

“இதையே எழுத்திலயும் அனுப்பிருங்க,” என்றார் பத்மகுமார். அனுப்பினாள்.

பிறகு, மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றது தானாக வந்தது. “பார்ட்னர்ஷிப் வேண்டாம் அத்தான். எல்.எல்.பி.யாப் பதிவோம். இனி உங்க கையெழுத்து எனக்க வீட்டுக்கு வராது.”

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். “எங்க ஒப்பு போடணும்?”

பத்மகுமார் எடுத்து வைத்த படிவத்தில் இரண்டு இடத்தில் போட்டார். ஸ்மைலின் அப்போதுதான் மூச்சு விட்டாள். பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“மக்களே… லெட்டர் அது ஒண்ணு மட்டும் இல்ல.”

பத்மகுமார் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தப் பேப்பர் இனிமேலுள்ளதுக்குத்தான் சார். பழசுக்குச் செல்லாது.”

“எத்தன அத்தான்?”

“இன்னும் நாலு.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அந்த நாலு பேரில் எவர் எங்கே அட்வான்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறாரோ, யாருக்குத் தெரியும். ஸ்மைலின் போனை மறுபடி எடுத்தாள்.

“முதல் பேரைச் சொல்லுங்க.”