வலப்பக்கம் சாயாத வீடு

சிரம்பானிலிருந்து இருபது நிமிட தூரத்தில் இருக்கும் புக்கிட் செலாசி தோட்டத்தில், கோயில் தலைவர் அமிர்தலிங்கத்தின் வீடு சென்ற ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டேகாலுக்கு, இடப்பக்கமாகப் புரண்டு படுத்தது. கால் மணி நேரம் கழித்துக் குப்புறக் கவிழ்ந்தது. அன்று எண்ணெய் பிழியும் செம்பனைக் குலையின் விலை இறங்கியிருந்ததால் தோட்டத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தலைவருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். கோலாலம்பூரில் கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது; அது மறுபடி முளைக்காமலிருக்க வாரம் ஒருமுறை, ஆறு வாரம், பைக்குள் மருந்து ஏற்ற வேண்டும். வழக்கமாக ஏற்றுவது காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்காரனை, உயிரோடு. உயிருள்ள கிருமியைத் தன் உடம்பில் குடிவைப்பது பதவிக்கு அழகல்ல என்று தலைவர் மறுத்துவிட்டார். ஆகவே டாக்டர் அவரை ஓர் ஆய்வில் சேர்த்தார். அதில் கிருமியைக் கொன்று, உடைத்து, அதன் சுவரை மட்டும் மருந்தாக்கியிருந்தார்கள். சுவரைப் பார்த்ததும் கிருமியே வந்துவிட்டதாக நினைத்து உடம்பின் காவல்படை திரண்டு வரும், வந்த இடத்தில் புற்றையும் சேர்த்து அடிக்கும் என்று ஏற்பாடு. தேர்தல் கூட்டத்துக்கு ஆள் திரட்டிப் பழகிய தலைவருக்கு இது உடனே புரிந்தது.

புரியாதது ஒன்றுதான். மருந்து ஏற்றியபின் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் படுக்க வேண்டுமாம். “மருந்து நாலு பக்கமும் படணும்லா, அங்கிள். ஒரே பக்கமா படுத்தா பட்ட எடத்துலயேதான் படும்,” என்றாள் தாதி ரோகினி. முப்பத்தோரு ஆண்டுகளாக யாருக்காகவும் இருந்த இடத்திலிருந்து அசையாதவர் அமிர்தலிங்கம். வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தார். அவர் திரும்பாததால் வீடு திரும்பியது. கட்டிலும் தலைவரும் தரையோடு ஒட்டியபடியே போனார்கள், வேட்டிகூட விலகவில்லை. அவர் மனைவி குமுதவல்லி இரண்டாம் செவ்வாய்க்குள் சட்டிபானைகளைக் கோணியில் கட்டி வைக்கப் பழகிவிட்டாள். வீடு கவிழ்ந்திருந்தபோது முகட்டின் மேல் நடந்துபோய்க் காற்றாடியை நிறுத்தினாள்.

ஆனால் வீட்டால் வலப்பக்கம் சாய முடியவில்லை. பாதியில் ஒரு சுவரில் இடித்து நின்றது. கட்டி இருந்ததோ பையின் வலப்பக்கத்தில்.

அந்தச் சுவரைக் கட்டியவர் தலைவர்தான். தொண்ணூற்றொன்றில் பக்கத்து வீட்டு வீரமுத்துவுக்குக் காசநோய் வந்தபோது, தோட்டத்தை அழகுபடுத்தும் திட்டம் என்று பெயர் வைத்து, ரிப்பன் வெட்டி, தம் பெயர் பொறித்த கல்லைப் பதித்து, ஆறடி உயரத்துக்கு எழுப்பினார். வீரமுத்து ஆறு மாதத்தில் குணமாகி, அதன்பின் இருபது ஆண்டு இருந்துவிட்டுப் போனார். சுவர் போகவில்லை. அவர் மகள் பஞ்சாலையைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. சுவரின் தன் பக்கத்தில் பீர்க்கங்கொடி ஏற்றியிருந்தாள்.

நான்காம் செவ்வாய்க்கு முன் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். போக்குவரத்து நெரிசலைக் குறைக்கச் சுவரை இடிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சுவரை ஒட்டிய பாதையில் போவது மூன்று மோட்டார் சைக்கிள்கள். அதில் ஒன்று பஞ்சாலையுடையது. கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது அவள் கொடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தலைவர் தாமே வரவேண்டியதாயிற்று. நெரிசல், எதிர்காலம், இளைய சமுதாயம் என்று தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தீர்மானத்த நீங்களே வச்சுக்குங்க, தலைவரே. இந்தச் செவுரு எதுக்குக் கட்டுனது? அதச் சொல்லிட்டு இடிங்க.”

தலைவர் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் கடப்பாரையைப் பார்த்தார்கள்.

“ஒங்கப்பாவுக்குப் பயந்து கட்டுனது.”

“இப்ப?”

“இப்ப அந்தக் கிருமி குடும்பத்துச் செவுருதான் எனக்கு மருந்து, பஞ்சால.”

தலைவர் சொன்ன கோலாலம்பூர்க் கூட்டம் பொய் என்பதை ஆட்கள் அப்போதுதான் உறுதிசெய்துகொண்டார்கள். வீடு கவிழ்ந்த நாளிலிருந்தே அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. பஞ்சாலை எழுந்து கொடியை ஒவ்வொரு சுருளாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள்.

“எங்கப்பா எழுந்திரிக்க முடியாம கெடந்தப்ப ஒரு ஆளு வரல. நாந்தான் திருப்பித் திருப்பிப் படுக்க வச்சேன்,” என்றாள், கொடியிடம் சொல்வதுபோல.

அந்தச் செவ்வாய் வீடு முதல்முறையாக வலப்பக்கம் சாய்ந்து, பஞ்சாலை வீட்டின் அடுக்களைச் சுவரில் தோள் வைத்துப் படுத்தது. அவள் வீடு அசையவில்லை. சாய்ந்த சன்னல் நேரே அவள் சன்னலுக்கு எதிரில் வந்து நின்றது. உள்ளே தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“எரியுதா, தலைவரே?”

“கொஞ்சம்.”

“பதினஞ்சு நிமிசந்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் பீர்க்கங்காய் சீவினாள்.

மூன்று மாதம் கழித்துக் கேமரா விட்டுப் பார்த்தபோது பை சுத்தமாக இருந்தது. அது மருந்தாலா, சுரண்டி எடுத்ததாலா என்பதை டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆய்வு இன்னும் முடியவில்லை. தொடர் மருந்துக்காகச் சில செவ்வாய்க்கிழமைகளில் வீடு இன்றும் புரள்கிறது. தபால்காரர் அன்று கடிதங்களைப் பஞ்சாலையிடம் கொடுத்துவிடுகிறார். பெயர் பொறித்த கல்லில் அவள் துணி துவைக்கிறாள். ‘அமிர்’ வரைக்கும் தேய்ந்துவிட்டது. தலைவருக்குக் கைக்கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. நேரமானதும் பக்கத்துச் சன்னலிலிருந்து, “திரும்புங்க, தலைவரே,” என்று குரல் வருகிறது. வீடு திரும்பிப் படுக்கிறது.